தோட்டம் பச்சையாகத்தான் இருக்கிறது, நீ வராதே

அம்மாடி,

பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தால் அப்படியே நிறுத்து. கட்டி முடித்திருந்தால் அவிழ்த்துவிடு. வளைகாப்பு முடிந்த கையோடு நீ திருவொற்றியூருக்கு வர வேண்டாம். இதைப் படித்ததும் போனைத் தூக்காதே, கடைசி வரைக்கும் படி. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் நைனா நடுவில் போனைப் பிடுங்கி "ஒண்ணுமில்ல பாப்பா, உங்க அம்மாவுக்கு பிரஷரு" என்று சொல்லி வைத்துவிடுவார். காலமெல்லாம் ரேஷன் கடை வேலையில் நின்று வரிசையைப் பார்த்துக் கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேசும் பழக்கமே போய்விட்டது. எழுத உட்கார்ந்தால்தான் என் தொண்டை அடங்குகிறது.

தலைப்பிரசவத்துக்கு மகளை வரவேண்டாம் என்று எந்தத் தாயாவது எழுதுவாளா? எழுதுகிறேன் பார். அடுத்த அறையில் உன் நைனா உனக்காக அடித்த நீலப் பெயின்ட் இன்னும் வாடை போகவில்லை. தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டிவிட்டு, உறுதியாக இருக்கிறதா என்று அந்த மனிதரே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு அது. இவ்வளவையும் செய்ய விட்டுவிட்டு இன்று வாய் திறக்கிறாயே என்று நீ கேட்டால் அது நியாயம்தான். எல்லாம் நான் உனக்கு அனுப்பிய அந்தப் போட்டோவால் வந்தது. நூலகத் தோட்டத்தில் பாலக்கீரைக்கு நடுவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேனே, அந்தப் போட்டோ.

தோட்டத்தைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ திருச்சிக்குக் குடித்தனம் போன பிறகு ஆரம்பித்தது. நம் கிளை நூலகத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலியும் குப்பையுமாக ஓர் இடம் கிடந்ததே, அங்கேதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து உன் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என்னை, நூலகர் செல்விதான் கூப்பிட்டாள். சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறாரே கபீர் பாய், அவர் பழைய டிரம்களை இரண்டாக வெட்டி, ஓட்டை போட்டு, தம் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். எவருக்கும் சம்பளம் கிடையாது. பத்துக்குப் பத்து வீட்டில் இருப்பவர்கள், உப்புத் தண்ணீர் வருகிற தெருக்காரர்கள், மாடிப்படியில் ஒரு டிரம் வைக்கத்தான் இடம் உள்ளவர்கள், இவர்கள் எதை வளர்க்கலாம், எப்படி வளர்க்கலாம் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு மாதிரித் தோட்டம். புத்தகம் எடுக்க வருபவர்கள் அப்படியே பின்பக்கம் வந்து, எங்களைக் கேள்வி கேட்டு, ஒரு நாற்றை வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே வளர்ந்தது அங்கேயும் வளரும் என்பதுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஜனங்கள் வந்தார்கள்.

எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கீரை பறித்து எல்லார் முன்னாலும் ஒரு வெள்ளை பேசினில் போட்டு அலசுவோம். நம் பக்கத்துக் கீரையை அலசினால் தண்ணீர் என்ன நிறத்துக்குப் போகும் என்று உனக்குத் தெரியும், மாடியில் காயப்போட்ட உன் பள்ளிக்கூடச் சட்டையில் படிந்த கம்பெனிக் கரியைத் தட்டி எடுத்தவள்தானே நீ. முதல் நாள் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இன்னாம்மா, கீரைய அலசுறியா, லாரி டயர கழுவுறியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றி மாற்றி அலசி, "வா, பாத்துக்கோ, அப்பால வாங்கிக்கோ" என்று பேசினைக் காட்டிவிட்டுத்தான் கட்டு கட்டித் தருவேன். மறைக்காமல் காட்டுகிறோம் என்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். பேசின் என் பொறுப்பு, வேறு யாரையும் தொட விடமாட்டேன்.

இனி அந்த வியாழக்கிழமை. சாயங்காலம், பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முதலில் ஏதோ காரமாக மூக்கில் ஏறியது, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. தெருவில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், வாயில் ஈரத்துணி, இடுப்பில் பிள்ளைகள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். எங்கிருந்து வந்தது, என்ன அது என்று இன்றுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கிவிட்டது, எல்லாரும் வீட்டுக்குள் போய்ச் சீரியல் பார்த்தோம். நம் ஊரில் அப்படித்தான், உனக்கென்ன புதிதா? அன்று நீ போன் பண்ணினாய். குரல் ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டாய். ஐஸ் வாட்டர் குடித்தேன் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு விடுமுறை. தண்ணீர் ஊற்ற நானும் பாயும் போனோம். கதவைத் திறந்ததும் பாய் "யா அல்லா" என்று அப்படியே நின்றுவிட்டார். கடல் பக்கத்து டிரம்களில் ஒரு செடி பாக்கியில்லை. அவரைக்கொடி முழுக்க வெளுத்துச் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பாலக்கீரை அவித்துக் கொட்டியதுபோலக் கிடந்தது. மிளகாய்ச் செடியில் பூவெல்லாம் உதிர்ந்து காம்புதான் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் பாயைத் திட்டினேன், பாவம்.

செல்வியும் ஓடி வந்தாள். சனிக்கிழமை பெரிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. கருகிக் கிடப்பதைப் பார்த்தால் "இடத்தைக் காலி பண்ணுங்க, இந்த வேலையெல்லாம் நூலகத்துக்கு எதுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். பாய்தான் சொன்னார், "அக்கா, செங்குன்றம் பக்கம் நர்சரில வளந்த செடியே பையோட கிடைக்கும். வண்டி கீது. போனா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்." நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் அன்றோடு நின்றிருக்கும், நானோ வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் கருகியதையெல்லாம் பிடுங்கிக் கோணியில் கட்டி, புதிதை நட்டு, தண்ணீர் தெளித்து, தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மூன்று பேரும் டீ குடித்தோம்.

அதிகாரி வந்தார், நல்ல மனிதர்தான், டிரம் டிரம்மாக நின்று பார்த்தார். போகும்போது, "இந்தப் பக்கம் காத்தே சரியில்லன்னு சொல்றவங்க இங்க வந்து பாக்கணும். எவ்வளவு பச்சையா இருக்கு!" என்றார். நான் குனிந்து கீரையில் இல்லாத களையைப் பிடுங்கினேன். செல்வி என்னைப் பார்க்கவே இல்லை. அப்போது எடுத்ததுதான் அந்தப் போட்டோ. பெருமைக்கு அலைகிற மனசு பார், வீட்டுக்கு வருகிற வழியிலேயே உனக்கு அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நீ கூப்பிட்டாய். "ம்மா, நம்ம ஏரியாவா இது? இவ்ளோ பச்சையா கீது! நான் இங்க டாக்டர பாத்து, அங்க வர்லாமா வேணாமான்னு ரோசன பண்ணிக்கினே இருந்தேன்மா. இத பாத்ததும் முடிவு பண்ட்டேன். நம்ம வூட்டுக்கே வந்துர்றேன்." உன் குரலில் அந்த 'நம்ம வூடு' கேட்டதும் எனக்கு உலகமே மறந்துபோயிற்று. நீ திருச்சியில் நாகரிகமாகப் பேசப் பழகிவிட்டாய், என்னிடம் மட்டும்தான் அந்தப் பேச்சு வருகிறது. வாடி என் ராசாத்தி என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன், அதற்குள் உன் நைனா பெயின்ட் டப்பாவோடு வந்துவிட்டார். சம்பந்தியம்மா போன் செய்து, "ஏழாம் மாசம் வளைகாப்பு, அன்னைக்கே அழைச்சிட்டுப் போயிடுங்க" என்றார். சரிங்க என்றேன்.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, உன் மூச்சிரைப்பு எனக்கா மறக்கும்? பரீட்சை நாளெல்லாம் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, மூக்கில் மாஸ்க் வைத்து, மருந்துப் புகை உள்ளே போகிறவரை உன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் நைனா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டு உள்ளே வரவே மாட்டார், அவருக்கு அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்க முடியாது. நீ திருச்சிக்குப் படிக்கப் போன முதல் வருஷம், தீபாவளிக்கு வந்தவள் பையில் இன்ஹேலரே இல்லை. "மறந்துட்டேன்மா, தேவப்படவே இல்ல" என்றாய். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். இந்த ஊரை விட்டுப் போனதும் உனக்கு மூச்சு வந்துவிட்டது, அவ்வளவுதானே விஷயம். அதைச் சொல்ல இந்த ஊர்க்காரிக்கு வாய் வரவில்லை. இங்கேதான் எனக்குக் கல்யாணம், இங்கேதான் என் வேலை, இங்கேதான் என் சண்டையும் சிநேகமும். யாராவது நம் ஊரைக் கலீஜ் என்று சொன்னால் நான் சும்மா விட்டதில்லை, இன்றைக்கும் விடமாட்டேன்.

சரி, இப்போது மட்டும் எப்படி வாய் வந்தது என்று கேட்பாய். மேரி வரவைத்தாள். குப்பத்துப் பெண், உன்னைவிடச் சின்னவள், புருஷன் கடலுக்குப் போகிறவன். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் வருவாள். எங்களிடம் நாற்று வாங்கிக்கொண்டு போய் வாசலில் பெயின்ட் வாளியில் மிளகாய் வைத்தாள், அது காய்த்தபோது முதல் மிளகாயை எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றிருந்தவள், மெதுவாக என் பக்கத்தில் வந்து குந்தினாள். "அக்கா, அந்த வாட வந்துச்சே, அன்னிக்கு எங்க வாளில வச்சது எல்லாமே கருகிப் போச்சு. உங்கள்து மட்டும் எப்படி நல்லா கீது? இன்னா மருந்து அடிச்ச? எனக்கும் சொல்லிக்குடு." நான் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே பதிலையும் சொல்லிக்கொண்டாள், "என் கைதான் ராசியில்ல போல."

அம்மாடி, அதை என்னால் தாங்க முடியவில்லை. வேப்பெண்ணெய் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், சத்தியமாக நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "உன் கையில ஒண்ணுமில்லடி, எங்கள்தும் கருகிச்சு, கடையில வாங்கி நட்டு வச்சிகீறோம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற செல்வி அப்படியே உள்ளே போய்விட்டாள். மேரி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "வாட வந்ததுலர்ந்து புள்ளைக்கு இருமலு. பொன்னேரில எங்க அம்மா வூட்டுக்கு தூக்கினு போலாம்னு துணியெல்லாம் எட்த்து வச்சிட்டேன்க்கா. அந்த வாரம் ஞாயித்துக்கெழம இங்க வந்தேன். உங்க தோட்டம் தளதளன்னு கீது. சரி, காத்து நல்லாதான் கீது, நாமதான் பயந்துகினோம்னு இருந்துட்டேன்" என்றாள். அந்தப் பிள்ளை என் கண்ணெதிரே இருமியது. கிளம்பி வாசல்வரை போனவள் திரும்பி நின்று கேட்டாள், "உம் பொண்ணு இங்கதானே பிரசவத்துக்கு வருதுன்ன? அதையாவது வராதன்னு சொல்லிட்டியாக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஜனங்களுக்கு முன்னால் கீரை அலசிக் காட்டி 'பாத்துக்கோ பாத்துக்கோ' என்று கூவியவள் நான். அவள் பார்த்தாள், நீயும் பார்த்தாய். பார்த்ததை நம்பித்தான் அவள் பிள்ளையோடு இங்கேயே இருந்துவிட்டாள், நீ வயிற்றுப் பிள்ளையோடு இங்கே வரத் துணிந்தாய்.

மறுநாள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். வாடை வந்த மறுநாள் இங்கிருந்த செடிகள் கருகின, இப்போது இருப்பவை கடையில் வாங்கியவை, உங்கள் வீட்டில் கருகியிருந்தால் அது உங்கள் தப்பில்லை, எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று. செல்வி அழுதேவிட்டாள். "அக்கா, மேல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? என்னத் தூக்கி எங்கியாச்சும் போட்ருவாங்க" என்றாள். அவள் சொல்வதும் உண்மை, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாள். என் பெயரை அட்டையில் போட்டுக்கொள் என்றேன். பாய் மட்டும், "பேஜாருதான் அக்கா, ஆனா கழட்டாத" என்றார். அட்டை இன்னும் தொங்குகிறது. மாடிச் செடி கருகியது, முருங்கை மொட்டையானது என்று ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து சொல்கிறார்கள், கருகிய கொம்பைக் கையோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். தோட்டத்தை மூடச் சொல்லி என்றைக்கு ஆள் வருமோ தெரியாது, தினமும் பயந்துகொண்டுதான் போகிறேன். மேரி பொன்னேரிக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எத்தனை நாள் அங்கே இருக்க முடியும், புருஷனுக்குச் சோறு யார் போடுவது?

உன் நைனாவிடம் சொன்னபோது அவர் எகிறினார். "இந்த ஊர்ல எவளும் புள்ள பெக்கலியா? சம்பந்தி வூட்ல இன்னா நெனப்பாங்கோ, பொண்ண கூட்டியாந்து வச்சிக்க வக்கில்லன்னு சொல்ல மாட்டாங்கோ?" என்று குதித்தார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான். எழுந்துபோய் அந்த நீல அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரோடு கோபித்துக்கொள்ளாதே. நீ இங்கே வருவதற்குப் பதிலாக நானே திருச்சிக்கு வந்து பிரசவம் முடியும்வரை உன்னோடு இருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு வர மாட்டாராம், அவரை விட்டுவிட்டுத்தான் நான் வரவேண்டும். சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், குழைத்துத் தள்ளுகிறார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. யார் காட்டினாலும் பார்த்த மாத்திரத்தில் நம்பாதே, நான் காட்டினாலும் நம்பாதே. நான் போனில் நல்லா இருக்கேன் என்றால் இன்னொரு தரம் கேள். ஐஸ் வாட்டர் என்றால் ஏன் இந்தக் குளிரில் குடித்தாய் என்று கேள். உன் பிள்ளை நாளைக்கு உன்னிடம் எதையாவது கேட்கும்போது அதன் சந்தோஷம் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்ளாதே. பிள்ளையின் சந்தோஷத்துக்காகத்தான் மூடுகிறோம் என்று நினைப்போம், பாதி நம் சந்தோஷத்துக்காக. நீ வரப்போகிறாய் என்கிற சந்தோஷத்தில் நான் உன்னையே பணயம் வைக்கப் பார்த்தேன்.

எப்போதுதான் வரலாம் என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோலச் சொல்ல மாட்டேன். அங்கே நீ மட்டும் எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்பாய். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இதே தெருவில் நடந்தேன், இதே காற்றைத்தான் உனக்கும் சேர்த்து இழுத்தேன். போய்விடு என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போக எனக்கு ஓர் இடமில்லை. உனக்கு இருக்கிறது.

சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன், நீ நடுவில் மாட்டிக்கொள்ளாதே. முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவர்கள் சமையலறையில் ஒரு மூலை கொடுத்தால் போதும், பிரசவ லேகியம் அங்கேயே கிண்டிக்கொள்வேன். குரலைத் தணித்துக்கொள்கிறேன், இது சத்தியம். வளைகாப்பன்று வந்தவர்கள் எல்லாரும், அம்மா வந்துவிட்டாள், பெண்ணை அழைத்துப் போகப் போகிறாள் என்று நினைப்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. எங்க அம்மா கூட்டிப் போக வரலை, எங்க ஊர்ல மூச்சு விட முடியலை, அதனால என்கூட இருக்க வந்திருக்காங்கன்னு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லு.

உன் அம்மா